சூசைமிக்கேலின் ஓட்டு

தனுஷ்கோடிப் புயலுக்கு முந்தின வருஷம்.
குளச்சலில் ஞானசிகாமணியின் சைக்கிள் கடை.
பஞ்சர் பார்க்கிற தண்ணீர்ச் சட்டிக்கு மேலே
பத்துக் கோடு போட்ட ஒரு தகரம்.
ஞாயிறு சாயங்காலம் இலங்கை சொல்லச் சொல்ல
நான் சாக்கட்டியால் எழுதவேண்டும்.

திருவனந்தபுரம் அடுத்த வீடு மாதிரி
தெளிவாகக் கேட்கும்.
ஆனால் எந்தப் பாட்டு முந்தியது, எது சறுக்கியது என்று
ஒருநாளும் சொன்னதில்லை.
இலங்கைதான் சொல்லும்.
கடல் தாண்டி வருகிற குரல்,
மழைக்கோள் என்றால் எண்ணெயில் சாளை பொரியும்.
ஐந்தாம் இடம் பொரிந்துபோனால்
ஐந்தாம் கோடு வாரம் முழுக்கக் காலி.
அதன்மேலும் பந்தயம் கட்டினார்கள்,
ஒரு கட்டு பீடி, ஒரு கோலி சோடா.

ஞானசிகாமணிக்கு ஒரு பாட்டின்மேல் பிராந்து.
வரிகள் ஒன்றும் பெரிதில்லை,
நடுவில் ஒரு கிளாரினெட் வரும்,
அதற்காக.
மூன்று வாரமாய் ஒன்பதிலேயே கிடந்தது.
"எடேய், அட்டை போட்டா ஏறும்" என்றார்.

கைக்கெட்டும் கடலுக்குக் கூடுதல் தபால்காசு.
நாற்பது அட்டை வாங்கினார்.
வலதுகையால் சாய்த்து, இடதுகையால் நிமிர்த்தி,
எங்கள் பெயர்கள் முதலில்,
அப்புறம் கடன் வைத்தவர்கள்,
அப்புறம் செயின் மாற்ற வந்து
திரும்ப எடுத்துப் போகாதவர்கள்.
இருபத்தொன்பதில் ஊர் தீர்ந்துவிட்டது.

கோயிலுக்குப் பின்சுவரில்
ஐம்பத்தொன்பதாம் வருஷக் காற்றில்
கரை சேராதவர்களின் பலகை.
பதினொரு பெயர்.
கணக்குச் சரியாக இருந்தது.
செத்தவர்களுக்கு ஓட்டில்லை என்று
எந்த அறிவிப்பாளரும் சொல்லவில்லையே.

இரண்டு ஞாயிறு கழித்து
மூன்றாம் இடத்துக்கு ஏறியது.
"விரும்பிக் கேட்டிருப்பவர்,
தென்னிந்தியா, குளச்சலிலிருந்து
நேயர் சூசைமிக்கேல்"
என்றது அந்த அழகான தமிழ்.
சோடாவுக்குள் கோலி இறங்கிய சத்தம்
எல்லோருக்கும் கேட்டது.

திங்கள் காலை பனியம்மை வந்தாள்.
முப்பது வயது இருக்கும்.
தலைக்கூடையை இறக்கி
டயர்களின்மேல் வைத்தாள்.
ஞானசிகாமணி இல்லாத ஸ்பானரைத் தேடத் தொடங்கினார்.

"எழுதினது யாரு?"

வெள்ளையான கையைத் தூக்கினேன்.
கன்னம் தயாராக இருந்தது.

"அவருக்கு அந்தப் பாட்டு ஆவாது.
ஊதுற சத்தம் கேட்டா தலவலி வரும்.
ஏழாமதா ஒண்ணு படிச்சாவல்லா,
ஒரு பொம்பள தனியா,
அதுதான் அவருக்கு. மாத்தி எழுது."

"அக்கா, அந்தப் பாட்டு வந்தே
ஆறு மாசம்தான் ஆச்சு..."

"அதுக்கு?
அவருக்கு எது பிடிக்கும்னு
எனக்குத் தெரியாதா?"

மடியிலிருந்து காசு எடுத்தாள்.
ஒரு நாணயத்தில் செதில் ஒட்டியிருந்தது.
நாற்பத்தொன்றாவது அட்டையை
என் சொந்தக் கையெழுத்தில் எழுதினேன்:
'நேயர் சூசைமிக்கேல் தம் முந்தைய விருப்பத்தைத்
திரும்பப் பெற்றுக்கொள்கிறார்.'

அட்டை போய்ச்சேர்ந்த ஞாயிறு
வானம் கறுத்துக் கிடந்தது.
பத்து, ஒன்பது, எட்டு.
ஏழில் வேறொரு பாட்டு.
ஆறிலும் வேறு.
அப்புறம் ஒரே பொரியல்.
காதை ரேடியோவின் துணியில் அழுத்தினேன்,
கை சுட்டதுபோல் காது சுட்டது.
குரல் திரும்பியபோது மூன்றாம் இடம்.
பிறகு இரண்டு, கிளாரினெட்.
ஞானசிகாமணி கைதட்டவில்லை.

மறுநாள் அவள் தகரத்தின் முன் நின்றாள்.
எழுத்து தெரியாது,
வெறுமை தெரிந்தது.
"ஒண்ணும் எழுதாத கோடு எது எது?"
"நாலும் அஞ்சும்."
"கேக்கல்லியா?"
"கேக்கல்ல."

கூடையிலிருந்து தவறிய நெத்திலி ஒன்றைக்
காலால் ஒதுக்கினாள்.
"அப்பம் நாலுன்னு போடு."

போட்டேன்.
நாலாம் கோடு காலி என்று பந்தயம் வைத்து
ஜெயித்திருந்த தொபியாஸ்
தகரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்,
வாங்கின பீடிக்கட்டைத்
திரும்ப மேஜையில் வைத்தான்.